என் அப்பா தர வேண்டிய முந்நூற்று நாற்பது

என் அப்பா எனக்கு முந்நூற்று நாற்பது ரூபாய் தர வேண்டியிருந்தது. பத்திரம் எழுதவில்லை, சாட்சிக்கு ஆள் இல்லை. ஆனாலும் கடன் கடன்தான். நாற்பத்தாறு வருடம் அது தீராமல் கிடந்தது. அத்தனை வருடமும் நான் வாய் திறந்து ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இதை எழுதுகிற நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். அதில் எனக்கு வெட்கம் எதுவும் கிடையாது. இன்றைக்கு என் சலவை நிலையத்தில் இருபத்தாறு பேர் வேலை செய்கிறார்கள். நான்கு ஆஸ்பத்திரி, ஏழு ஓட்டல், நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு படுக்கை விரிப்பு. இரண்டு வேன் ஓடுகிறது. பட்டம் வாங்கிய கணக்குப்பிள்ளை ஒருவன் என்னிடம் சம்பளம் வாங்குகிறான். அவன் கூட்டலில் தப்பு விட்டால், கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் நான் சரியான தொகையைச் சொல்லிவிடுவேன். என்னை யாரும் கைதூக்கி விடவில்லை. கைதூக்கி விட்டிருக்க வேண்டியவர் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, அப்பா தான் வேலை பார்த்த லாண்டரியிலேயே என்னையும் கொண்டுபோய் விட்டார். அவர் அங்கே டெலிவரிக்காரர். வெளுத்த துணியை சைக்கிளில் மூட்டையாகக் கட்டி வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, அழுக்கு மூட்டையோடு திரும்பி வருவார். எனக்குக் கிடைத்த வேலைக்குப் பெயர் பை பார்ப்பது. துவைக்கும் தொட்டிக்குப் போகும் முன் ஒவ்வொரு சட்டையிலும் ஒவ்வொரு பேண்ட்டிலும் கைவிட்டு, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, பையை நாக்குத் தள்ளுவதுபோல வெளியே இழுத்துவிட வேண்டும். பை வெளியே தொங்கினால் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். தொங்காத துணியைத் தொட்டிக்காரர் முகத்துக்கு நேராகத் திருப்பி எறிவார்.

இதைச் சின்ன வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பேனாவைத் தவறவிட்டால் நாற்பது வெள்ளைச் சட்டை நீலமாகும். ஒரு வெற்றுக் காகிதம் போதும், கறுப்பு கோட்டெல்லாம் பொடுகு பிடித்தது போலாகிவிடும். நான் இருந்தவரையில் ஒரு சட்டைகூட நீலமானதில்லை. பஸ் டிக்கெட், சீப்பு, மாத்திரை, ஒரு தடவை பல் செட்டுகூட எடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் பழுப்புக் கவரில் போட்டு, துணியின் நம்பரை எழுதி, துணியோடு திருப்பி அனுப்புவோம். பணமாக இருந்தால் மட்டும் கதை வேறு. நேராக முதலாளி மேஜைக்குப் போய், அவர் கண்முன்னால் எண்ணி, நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பிறகே கவரில் போட வேண்டும். அதற்கப்புறம் கவர் டெலிவரிக்காரர் கைக்குப் போகும்.

எனக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. எங்கள் லாண்டரியில் சல்லிக்காசு காணாமல் போகாது என்று தெருவில் உள்ள பிள்ளைகளிடமெல்லாம் அளப்பேன். அத்தனை பேருடைய பணத்தையும் சைக்கிளில் சுமந்துபோய் அத்தனை பேரிடமும் பத்திரமாகச் சேர்க்கிறவர் என் அப்பா. அவரைப்போல யோக்கியமான ஆள் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை என்பேன். சும்மா வாய்ப்பேச்சு இல்லை, உள்ளபடியே அப்படித்தான் நம்பினேன். அந்தப் பன்னிரண்டு வயது முட்டாளை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவள்மேல் பாதி, அவளை அப்படி நம்பவைத்தவர்மேல் பாதி.

ஒரு திங்கட்கிழமை, வங்கிக் காசாளர் ஒருவரின் சாம்பல் நிறப் பேண்ட். ஊரார் பணத்தை நாள்முழுக்க எண்ணுகிற மனிதர் தன் பணத்தைப் பின்பையில் மறந்துவிட்டிருந்தார். மூன்று நூறு, நான்கு பத்து, நான்காக மடித்திருந்தது. என் மாதச் சம்பளம் நாற்பது. எட்டரை மாதச் சம்பளம் என் உள்ளங்கையில் இருந்தது என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன். எடுத்துக்கொண்டு மேஜைக்கு ஓடினேன். முதலாளி இல்லை, வெளியே போயிருந்தார். அப்பா வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

முதலாளி வர நேரமாகும் என்றார். அந்தக் காசாளர் வீடு தன் ரூட்டுதான், கொடுத்தால் கையோடு சேர்த்துவிடுவதாகச் சொன்னார். புத்தகத்தில் எழுத வேண்டுமே என்றேன்.

"நான் எழுதிக்கிறேன். உன் அப்பன் மேல நம்பிக்கை இல்லையா? போ, போய் வேலையப் பாரு."

கொடுத்தேன். மேஜையைத் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கக்கூடாது என்பது அங்கே முதல் விதி. அப்பாவாக இருந்தாலும் கொடுக்கக்கூடாது என்று அதில் யாரும் சேர்த்துச் சொல்லியிருக்கவில்லை. இன்று என் நிலையத்தில் அதே விதியைச் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறேன். யாராக இருந்தாலும் என்ற இரண்டு வார்த்தையைச் சிவப்பு மையில் எழுதவைத்தேன்.

வியாழக்கிழமை காசாளர் தானே வந்து நின்றார். பேண்ட் வந்தது, பணம் வரவில்லை என்றார். முதலாளி புத்தகத்தைப் புரட்டினார். பதிவில்லை. தொட்டிக்காரரைக் கூப்பிட்டார். சாம்பல் பேண்ட்டின் பை வெளியே தொங்கியது, நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். பை தொங்கினால் நான் பார்த்ததாகத்தானே அர்த்தம். இஸ்திரிப் பெட்டிகள் நின்றன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் துளிப் பயம் இல்லை. அப்பாவிடம் கொடுத்தேன் என்று பளிச்சென்று சொன்னேன். சொல்லிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். தோளில் மூட்டையோடு கதவருகில் நின்றிருந்தார். இதோ சொல்லப்போகிறார், காசாளர் முகம் எப்படிப் போகப்போகிறது பார் என்று எனக்குச் சந்தோஷம்கூட.

"எங்கிட்ட எதுவும் குடுக்கலைங்க, முதலாளி" என்றார் அப்பா.

பிறகு மூட்டையை இறக்கிவைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சின்னப் புள்ள. ஆசைப்பட்டு எடுத்துட்டா போல. போலீஸு அது இதுன்னு போக வேண்டாங்க. சம்பளத்துல புடிச்சுக்கங்க."

நான் "அப்பா" என்றேன். அதற்குமேல் தொண்டையிலிருந்து எதுவும் வரவில்லை. அதையே நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். காசாளருக்கு முதலாளி பணத்தைக் கொடுத்து அனுப்பினார். என் சம்பளத்தில் மாதம் இருபது வீதம் பதினேழு மாதம் பிடிப்பது என்று முடிவானது. பெரிய மனசுக்காரர் என்று எல்லோரும் முதலாளியைப் பாராட்டினார்கள். அப்பாவும் கைகூப்பினார்.

மறுநாள் காலையில் நான் உள்ளே நுழைந்ததும், இஸ்திரி மேஜையில் நின்ற பெண்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி, இஸ்திரி அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், "முந்நூத்தி நாப்பது வந்துருச்சு, எல்லாரும் முந்தானைய முடிஞ்சு வைங்க" என்றாள். அவளுக்கு அப்போது இருபது வயது, சிரிக்கவைப்பது ஒரு வியாதி. அன்றிலிருந்து அதுவே என் பெயரானது. முந்நூத்தி நாப்பது, வாளி எடு. முந்நூத்தி நாப்பது, சாப்பிட்டியா. கூப்பிட்டவர்களுக்கு ஒரு மாதத்தில் அதன் அர்த்தமே மறந்துபோயிருக்கும். எனக்கு மறக்கவில்லை.

பை பார்க்கும் வேலையையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி விரிப்பு மடிக்கப் போட்டார்கள். விரிப்புக்குப் பை கிடையாது அல்லவா.

இதற்குப் பிறகும் அந்த முட்டாள் பெண் என்ன செய்தாள் தெரியுமா? அப்பாவுக்காகச் சாக்குத் தேடினாள். பணம் வழியில் விழுந்திருக்கும், சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். யாரோ பிடுங்கியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். அந்த ஞாயிறு இல்லையென்றால் அடுத்த ஞாயிறு. மூன்றாவது ஞாயிறு வீட்டுத் துணியைத் துவைக்க உட்கார்ந்தேன். கை பழகிவிட்டது, துணி என்றால் பைக்குள் தானாகப் போகும். அப்பாவின் காக்கிச் சட்டைப் பையில் இரண்டு ரசீது மடித்துக் கிடந்தது. ஒன்று என் தம்பியின் பள்ளிக்கூடத்தினுடையது, சேர்க்கைக் கட்டணம் முந்நூறு. இன்னொன்று செருப்புக் கடையினுடையது, பள்ளி ஷூ முப்பத்தெட்டு. இரண்டிலும் அந்தத் திங்கட்கிழமையின் தேதி. மிச்சம் இரண்டு எங்கே போனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டீ குடித்திருப்பார்.

ஈரக்கையோடு ரசீதைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதை வாங்கவேயில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தெரியும் என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "அவன் படிச்சு மேல வந்தா நாளைக்கு உன்னையும் பாத்துக்குவான்டி" என்றாள்.

"என்னை யாரும் பாத்துக்க வேண்டாம்" என்றேன்.

ரசீதுகளை அதே பையில் வைத்து, அந்தச் சட்டையைப் பையோடு சேர்த்து அடித்துத் துவைத்தேன். என் வாழ்க்கையில் பை பார்க்காமல் வேண்டுமென்றே துவைத்த ஒரே துணி அது.

பதினேழு மாதமும் கட்டினேன். செய்யாத திருட்டுக்குக் கட்டினேன். தம்பி அந்த ஷூவில் சத்தம் வர நடந்து பள்ளிக்கூடம் போவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எட்டு வயது. அப்பா மட்டும் தெருவில் யாரிடமாவது, என் பொண்ணு இந்த வயசுல சம்பாதிக்கிறா என்று பீற்றிக்கொள்ளும்போது எனக்குப் பல் நறநறவென்று கடிபடும். சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. ஏன் என்று நேராகச் சொல்கிறேன். அவராகச் சொல்வார் என்று காத்திருந்தேன். கடைசி இருபது பிடித்த மாதம் சொல்வார் என்று நினைத்தேன். எனக்குக் கல்யாணம் பேசியபோது சொல்வார் என்று நினைத்தேன். என் முதல் மெஷினைப் பார்க்க வந்தபோது நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

பை இல்லாத துணிதான் என்னை ஆளாக்கியது. சட்டைக்கும் கோட்டுக்கும் நூறு லாண்டரி இருக்கிறது. ரத்தக்கறை, மருந்துக்கறை, ஒரே நாளில் இருநூறு விரிப்பு என்றால் எவனும் கையெடுத்துக் கும்பிட்டு ஓடிவிடுவான். அந்தக் கறைகளின் ஜாதகம் எனக்குத் தெரியும். பச்சைத் தண்ணீரில் போக வேண்டியதைச் சுடுதண்ணீரில் போட்டால் அது சாகும்வரை போகாது என்பது ஒரு நர்ஸுக்கும் தெரிவதில்லை. இருபத்து மூன்றாம் வயதில், துருப்பிடித்த ஒரு பழைய மெஷினை இரும்புக்கடைக்குப் போகும் வழியில் மறித்து வாங்கினேன். ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பர் முன்னால் போய் நின்று, நூறு விரிப்பு கொடுங்கள், ஒன்றில் கறை இருந்தாலும் நூறுக்கும் காசு வேண்டாம் என்றேன். ஒன்றிலும் இல்லை. அங்கிருந்து ஆரம்பித்தது. வேன் ஓட்ட வந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன், டிரைவர் சம்பளம் மிச்சம். இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

தம்பி படித்தான், தூரத்து ஊரில் ஆபீஸ் வேலைக்குப் போனான், வருடத்துக்கு ஒரு தடவை போன் செய்வான். என்னைப் பார்த்துக்கொண்ட லட்சணம் அவ்வளவுதான். அம்மா போன பிறகு அப்பா தனியாகி, எழுபத்தெட்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு என்னிடம் வந்தார். வாசலில் நிறுத்திப் பேசவில்லை. அறை கொடுத்தேன், மின்விசிறி கொடுத்தேன், வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தேன். ஒரு மாதத்தில், சும்மா உட்கார்ந்தால் கால் பிடிக்கிறது, ஏதாவது வேலை கொடு என்றார். தலையணை உறை மடிக்கும் மேஜையில் உட்காரவைத்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை எல்லோருக்கும் போல அவருக்கும் கவரில் சம்பளம். சொந்த அப்பாவுக்குச் சம்பளமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வேலை செய்கிறவருக்குச் சம்பளம் என்றேன்.

இந்த வருடம் இஸ்திரி அக்கா வந்து சேர்ந்தாள். பழைய லாண்டரி இழுத்து மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. அறுபத்தாறு வயதிலும் கை நடுங்காமல் இஸ்திரி போடுகிறாள். வேலை கேட்டு வந்தாள், கொடுத்தேன். வந்த முதல் வாரமே, எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், புதிதாகச் சேர்ந்த பெண்களைச் சுற்றி உட்காரவைத்து என் கதையை ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க முதலாளியம்மா யாருன்னு நெனைச்சீங்க? முந்நூத்தி நாப்பது. பேண்ட்டு பையில கைய விட்டு சுட்டுட்டு, பன்னெண்டு வயசுல கல்லு மாதிரி நின்னா பாரு. அப்பவே சொன்னேன், இவ முன்னுக்கு வருவான்னு."

அவள் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள், என்னைப் பார்த்ததும் டம்ளருக்குள் சிரித்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு. உறையின் விளிம்பை விளிம்போடு சேர்த்து, கையால் நீவி, அடுக்கில் வைத்தார். அடுத்த உறையை எடுத்தார்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. நான் நாற்பத்தாறு வருடமாகக் காத்துக்கொண்டிருந்த அப்பா ஒருவர் கிடையவே கிடையாது. தோளிலிருந்து மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, பணம் என்னிடம்தான் இருக்கிறது என்று சொல்லப்போகிற அந்த ஆளைப் பன்னிரண்டு வயதில் நானே செய்துவைத்திருந்தேன். மேஜையில் உட்கார்ந்திருப்பவர் வேறு. இவரை எனக்குத் தெரியும், ரசீதைப் பார்த்த நாளிலிருந்தே தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை காலமானது. ஒப்புக்கொண்டதும் கோபம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. ஆனால் காத்திருப்பது நின்றுவிட்டது. வராத ஆளுக்குக் காத்திருந்து என்ன ஆகப்போகிறது, இருக்கிற ஆளிடம் பாக்கியை வசூல் செய்வோம் என்று தோன்றியது.

டீ நேரம் முடிந்ததும் ஒரு பெரிய விரிப்பை எடுத்து, ஒரு முனை பிடியுங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டேன். விரிப்பு மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவர வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

முதல் மடிப்புக்கு அவர் அருகில் வந்தபோது, "என் முந்நூத்தி நாப்பதக் குடுங்க" என்றேன்.

"எந்தப் பணம்மா?" என்றார்.

"தம்பி பள்ளிக்கூடத்துக்கு முந்நூறு. ஷூவுக்கு முப்பத்தெட்டு. மிச்சம் ரெண்டு என்ன பண்ணீங்களோ, எனக்குத் தெரியாது."

அவர் கையிலிருந்த முனை நழுவியது. குனிந்து எடுத்துக்கொண்டார். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். அந்த மாதமே தெரியும், ரசீதைப் பார்த்தேன் என்றேன்.

"தெரிஞ்சுமா பதினேழு மாசம் கட்டுன?"

"தெரிஞ்சுதானே நீங்களும் கட்டவிட்டீங்க."

உன் தம்பிக்காகத்தானே செய்தேன், எனக்கென்று ஒரு சட்டை வாங்கினேனா என்றார். அந்த நியாயத்தை நான் கேட்கவில்லை, பணத்தைக் கேட்டேன் என்றேன். வட்டி வேண்டாம், நான் வட்டிக்கு விடுகிறவள் இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் கொடுங்கள் என்றேன். விரிப்பை மடித்து முடித்துத்தான் போனோம். அரைகுறையாக விடுகிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்குமே இல்லை.

அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெற்றவரிடம் போய் முந்நூற்று நாற்பதைக் கேட்கிறாயே, நம் வேனுக்கு ஒரு நாள் டீசலுக்குக்கூட வராதே என்றார். டீசல் காசு டீசலுக்கு, இது வேறு என்றேன்.

சனிக்கிழமை எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அப்பாவும் நின்றார். கவரை வாங்கி, பிரித்து, ஒரு ஐந்நூறு நோட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"மொத்தமா வச்சுக்கம்மா."

"முந்நூத்தி நாப்பது" என்றேன்.

சில்லறை இல்லை என்றார். கல்லாவில் கைவைத்தால் நானே மாற்றிக் கொடுத்திருக்கலாம். வைக்கவில்லை. இஸ்திரி அக்காவிடம் இருக்கும், மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேண்டாம் என்று கெஞ்சுகிற பார்வை. எனக்கு அது நன்றாகத் தெரியும், அன்று லாண்டரியில் அப்பா என்று கூப்பிட்டபோது அதே பார்வையைத்தான் நான் அவர்மேல் வைத்தேன். நான் அசையவில்லை.

கால்களை இழுத்துக்கொண்டு இஸ்திரி மேஜைக்குப் போனார். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே வழக்கம்போல வாயைக் கொடுத்தாள்.

"என்ன பெரியவரே, சில்லறையா மாத்தி யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

மெஷின் ஓடாத நேரம். எல்லோருக்கும் கேட்டது.

"எம் பொண்ணுக்கு" என்றார் அப்பா. "அன்னைக்கு அவ எடுக்கல. எங்கிட்டதான் குடுத்தா. நான்தான் எடுத்தேன்."

அக்காவின் கை முடிச்சிலேயே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நூறு நோட்டு நான்கும் பத்து நோட்டு பத்தும் எண்ணி அவர் கையில் வைத்தாள். அவர் திரும்பி வந்தார். மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளை எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டான். நான் உட்காரவில்லை. நின்றபடியே வலது கையை விரித்து நீட்டினேன்.

கட்டைவிரலை நாக்கில் தொட்டு, மூன்று நூறை ஒவ்வொன்றாக வைத்தார். பத்துகளுக்கு வந்தபோது நோட்டுகள் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை தவறியது. மூன்றா நான்கா என்று என்னைக் கேட்டார்.

"மூணுதான். மறுபடியும் எண்ணுங்க" என்றேன்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணினார். நூறு, இருநூறு, முந்நூறு. பத்து, இருபது, முப்பது. கடைசிப் பத்தை ஒட்டிக்கொண்டிருந்த நோட்டிலிருந்து பிரித்து, என் உள்ளங்கையில் வைத்தார்.